மலைக்கு எது முன்பக்கம்

காலை ஒன்பதரைக்கு மலை ஸ்டேஷனிலிருந்து வந்த மழை அளவு நான்கு மில்லிமீட்டர். ஃபோனில் சொன்னவர் அவளுடைய அப்பா. பதிவேட்டில் எழுதியவள் அவள். எழுதி முடித்த பிறகும் பேனாவை மூடாமல் அந்த எண்ணையே முறைத்துக்கொண்டிருந்தாள். நூற்றைத் தாண்டியிருக்க வேண்டிய இடத்தில் நான்கு என்று இருந்தால் வேறென்ன செய்வது?

வானிலை அலுவலகம் துறைமுகத்தை ஒட்டிய பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருந்தது. ஒரு பக்க ஜன்னலைத் திறந்தால் கடல். எதிர்ப்பக்க ஜன்னலைத் திறந்தால் மலை. இரண்டுக்கும் நடுவில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் அகலத்துக்கு ஊர் ஒடுங்கிக் கிடந்தது. மலை சரிவாக ஏறுகிற மலையில்லை. சுவர் மாதிரி நின்றது. அதன் மடியில், பாதி உயரத்தில், ஓர் அணை. அணைக்குக் கீழே ஆறு. ஆறு கடலில் சேருகிற இடத்தில் இருநூறு வீடுகள் கொண்ட முகத்துவாரத் தெரு. இன்றைக்கு ஜன்னலில் அணை தெரியவில்லை, மலையும் தெரியவில்லை. இடுப்புக்கு மேலே மொத்தத்தையும் மேகம் விழுங்கியிருந்தது. ஊருக்குள் மட்டும் தூறல். குடை எடுப்பதா வேண்டாமா என்று யோசிக்கிற அளவுக்குத்தான்.

புயல் வடக்கே இருநூறு கிலோமீட்டர் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. அதனால் அலுவலகத்தில் ஒரு கல்யாண வீட்டுக் களை. நம் தலை தப்பியது, அடுத்த ஊர்க்காரன் பாடு அவன் பாடு என்ற நிம்மதியில் டீ இரண்டாவது சுற்று வந்திருந்தது. ரேடார் அண்ணன் திரையைப் பார்த்துக்கொண்டே பன்னைக் கடித்துக்கொண்டிருந்தார். மலை மேல் வெளிர்ப்பச்சைதான், லேசான மழைதான் என்றார். ரேடாரின் கதிர் மலை முகட்டுக்கு மேலேயே ஓடிவிடும், தாழ்ந்த மேகத்தில் கொட்டுவது அதன் கண்ணில் படவே படாது என்று அவளுக்குத் தெரியும். அண்ணனுக்கும் தெரியும். தெரிந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தால் டீ ஆறிவிடும்.

தலைமையகக் கணினி அனுப்பிய வரைபடத்திலும் பெரிதாக ஒன்றுமில்லை. அந்தக் கணினி நாட்டைக் கட்டம் கட்டமாக வெட்டிப் பார்க்கிறது. ஒரு கட்டம் இருபத்தைந்து கிலோமீட்டர். அந்தக் கட்டத்துக்குள் கடலையும் ஊரையும் மலையையும் போட்டுக் கலக்கி சராசரி எடுத்தால், மலை ஒரு மேடாகிவிடும். மேட்டில் காற்று முட்டுமா? தடவிக்கொண்டு போய்விடும்.

ஆனால் காற்று விடியற்காலை ஆறு மணிக்குத் திரும்பிவிட்டது. அதுவரை கரையோடு கரையாக, மலைக்குப் பக்கவாட்டில் ஓடிக்கொண்டிருந்த காற்று, புயல் வடக்கே நகர நகர கால் வட்டம் திரும்பி, கடலிலிருந்து நேராக மலையின் நெஞ்சைப் பார்த்து அடித்தது. துறைமுகக் கோபுரத்துக் கொடி மலையை நோக்கி விறைத்து நின்றது. ஈரக்காற்று மலையில் முட்டினால் போக்கிடம் ஏது? ஏறித்தான் ஆக வேண்டும். ஏறினால் குளிரும். குளிர்ந்தால் சுமக்க முடியாது, அங்கேயே கொட்டிவிடும். மறுபக்கம் இறங்கும்போது அதனிடம் ஒரு சொட்டு மிஞ்சாது. இதற்குப் பட்டம் தேவையில்லை. ஈரத் துணியைச் சுவரில் அறைந்தால் தண்ணீர் எந்தப் பக்கம் வழியும் என்று தெரிந்தால் போதும். அவளுக்குப் பட்டமும் இருந்தது. அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். அதை இங்கே யாரும் மறக்கவும் விடவில்லை. ஒப்பந்த உதவியாளராகச் சேர்ந்து இரண்டு வருடமாகியும் அவளிடம் ஒவ்வொரு சொல்லையும் பிரித்துப் பிரித்துப் பேசுகிற ஆட்கள் இருந்தார்கள், காது கேளாதவளிடம் பேசுவதுபோல. ரேடார் அண்ணன் வைத்த பெயர் மலைக்காரி.

டியூட்டி அதிகாரி அறைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார். முதுகுக்குப் பின்னால் அவருக்குப் பெயர் கையெழுத்து. வருகிற காகிதத்தின் அடியில் ஒன்று போடுவதைத் தவிர அவர் வேறு எதுவும் செய்து யாரும் பார்த்ததில்லை. ஓய்வுக்கு எட்டு மாதம் பாக்கி.

“மலை எவ்வளவும்மா?”

நான்கு என்றாள். அவர் சிரித்தார். காலையிலிருந்து அவள் மலை, மலை என்று புலம்பிக்கொண்டிருந்ததை மனதில் வைத்துக்கொண்டு, “பாத்தியா, உன் மலையே உன்னைக் கைவிட்டுடுச்சு” என்றார்.

அவள் செல்ஃபோனை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்குப் போய் அப்பாவை மறுபடி அழைத்தாள்.

அப்பா மலைக்கு மேலே, உள்நாட்டைப் பார்த்த சரிவில் இருக்கிற கிராமத்தில் இருந்தார். மழைமானியைப் பார்த்து அளவு சொல்வது அவருடைய பகுதிநேர வேலை. இருபத்திரண்டு வருடமாக ஒரு நாள் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறார். காய்ச்சலில் கிடந்தபோதும் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தவர். ஊரில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, மானிக்காரர்தான். அவர் எண்ணைத் தப்பாகப் படித்திருப்பார் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. எழுத்துதான் அவருக்குக் கொஞ்சம் தகராறு. எண் சுத்தம்.

“அப்பா, நாலுதானா? நல்லா பாத்தீங்களா?”

“நாலுகூட முழுசா இல்ல பாப்பா. போனாப் போகுதுன்னு நாலாச் சொன்னேன்.” அப்பா இன்று நல்ல உற்சாகத்தில் இருந்தார். அங்கே மழையெல்லாம் ஒன்றுமில்லை, காற்றுதான் பேய் மாதிரி என்றார். அதுவும் குளிர் காற்று இல்லையாம், வெதுவெதுவென்று முதுகுக்கு ஒத்தடம் கொடுத்ததுபோல இருக்கிறதாம். “உங்கம்மா காலைல போர்வைய நனைச்சுப் போட்டா. அரை மணி நேரத்துல மொறுமொறுன்னு காஞ்சிடுச்சு. புயல்னா வருஷத்துக்கு நாலு வரட்டும்கிறா.”

அவள் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

கடல் காற்று முட்டுகிற பக்கத்தில், மேகத்துக்குள், போர்வை காயாது. காற்று ஈரத்தையெல்லாம் கொட்டிவிட்டு, மறுபக்கம் இறங்கி, இறங்கும்போது சூடாகி, வறண்டு போய் வீசுகிற இடத்தில்தான் காயும்.

“அப்பா, மானி இப்ப எங்க இருக்கு?”

“எங்க இருக்கும்? முன்பக்கம்தான். பஸ் திரும்புற மைதானத்துல.”

“அது எப்படிப்பா முன்பக்கம்?”

“என்ன கேள்வி பாப்பா இது. நம்ம வாசல் எங்க பாத்திருக்கு? பஸ் எங்கருந்து வருது? அதானே முன்பக்கம். கடல் இருக்கிறது பின்னாடி.”

அவர் சொன்னது முழுக்க முழுக்க உண்மை. அந்த ஊரில் பிறந்த எவரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். அவளே பதினெட்டு வயது வரை அப்படித்தான் சொன்னாள். பேருந்தும் பள்ளிக்கூடமும் சந்தையும் இருப்பது முன்பக்கம். அட்டை கடிக்கிற, எப்போதும் ஒழுகுகிற கடல் சரிவு பின்பக்கம். துறைமுகத்து ஊர்க்காரர்களுக்கோ கடலைப் பார்த்து நிற்பதுதான் மலையின் முகம். அதற்கு அந்தாண்டை இருப்பவர்கள் எல்லாம் மலைக்குப் பின்னால் இருக்கிறவர்கள்.

ஐந்து வருடத்துக்கு முன்னால், கணவாய் தாண்டிக் கடலைப் பார்த்த பாறைத் திட்டில் இருந்த பழைய மானியைக் காற்று பிடுங்கி எறிந்தது. அலுவலகம் புது மானியும் ஒரு கடிதமும் அனுப்பியது. அவள் விடுதியிலிருந்து விடுமுறைக்குப் போயிருந்த நேரம். அப்பா கடிதத்தை அவளிடம் நீட்டினார். புதிய மானியை மலையின் முன்பக்கத்தில், மரநிழல் படாத திறந்தவெளியில் நிறுவ வேண்டும் என்று இருந்தது. இத்தனை வருஷம் பின்பக்கம்தானே இருந்தது என்று அப்பா ஒரு தடவை இழுத்தார். அவள்தான், முதல் வருடக் கல்லூரிப் பெண், எல்லாம் தெரிந்த பெரிய அதிகாரி போல, “அதான் மாத்தச் சொல்லியிருக்காங்கப்பா, முன்பக்கம்னு தெளிவா போட்டிருக்கு” என்று முடித்துவைத்தாள். குழி தோண்டும்போது மண்வெட்டியைப் பிடித்ததும் அவள்தான்.

அதாவது ஐந்து வருடமாக மலை ஸ்டேஷன் என்று இந்த அலுவலகம் எழுதிக்கொண்டிருந்தது மலையின் முதுகை. இரண்டு வருடமாக அவளே தன் கையால் எழுதிக்கொண்டிருந்தாள்.

அவள் மேலே ஓடினாள்.

கையெழுத்து அவள் சொன்னதைக் கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகத்தில் கோபம் வரவில்லை, பயம் வந்தது. அவளுக்கு அது புரிந்தது. மூன்று வருடத்துக்கு முன்னால் அவர் தலைமையகத்தில் ஓர் அறிக்கை படித்திருந்தார். மலைப் பகுதியில் மழை மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது, காலநிலை மாற்றத்தின் கண்கூடான சான்று என்று. கைதட்டினார்கள். அன்றைக்கு எடுத்த, சட்டம் போட்ட படம் ஒன்று அவர் நாற்காலிக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது. மழை குறையவில்லை, மானிதான் முகட்டைத் தாண்டிக் குடிபோய்விட்டது என்று இப்போது ஒரு ஒப்பந்தப் பெண் வந்து சொல்கிறாள்.

“இது உன் ஊகம்” என்றார்.

“போர்வை காஞ்சிருக்கு சார்.”

“போர்வைய வெச்சு அணையைத் திறக்கச் சொல்லவா? அணை இன்ஜினியர் என்னைக் காய வெச்சிடுவாரு.” ரேடார் அண்ணன் அந்தப் பக்கம் திரும்பிச் சிரிப்பை விழுங்கினார்.

விஷயம் அணைதான். மலை ஸ்டேஷனில் காலையிலிருந்து விழுந்த மொத்த மழை ஐம்பது மில்லிமீட்டரைத் தாண்டினால், ஏரி நிரம்பக் காத்திருக்காமல் மதகுகளைத் திறக்கத் தொடங்க வேண்டும் என்பது விதி. மேலே விழுந்த மழை ஓடைகளில் இறங்கி வந்து ஏரி மட்டம் தெரியும்படி உயர ஏழெட்டு மணி நேரமாகும். அது வந்து சேர்கிற வேகத்தைப் பார்த்துவிட்டுத் திறந்தால், எல்லா மதகையும் ஒரே நேரத்தில் தூக்க வேண்டியிருக்கும். இன்றைக்குக் கடலின் உச்ச ஏற்றம் மாலை ஆறு மணி. அந்த நேரத்தில் ஆற்றில் பெருந்தண்ணீர் வந்தால் கடல் உள்ளே வாங்காது, திருப்பித் தள்ளும். தள்ளுகிற தண்ணீர் முகத்துவாரத் தெருவின் கூரைக்குத்தான் ஏறும். பகலிலேயே, நண்பகலுக்குள், மெல்ல மெல்லத் திறந்துவிட்டால் பாதித் தண்ணீர் ஏற்றத்துக்கு முன்பே கடலுக்குப் போய்விடும். மீதி இடுப்போடு நிற்கும்.

நண்பகலுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. பதிவேட்டில் நான்கு மில்லிமீட்டர் இருந்தது.

“தியரியெல்லாம் பரீட்சைல எழுதும்மா. இங்க எனக்கு நம்பர் வேணும். கடல் பக்கத்துலருந்து ஒரு நம்பர் குடு, நான் ஃபோனை எடுக்கிறேன்.”

கொடுக்க முடியாது என்று நினைத்துத்தான் கேட்டார். அவள் அவரை ஒரு விநாடி பார்த்தாள். பிறகு அவருடைய மேசையிலேயே சாய்ந்துகொண்டு, அப்பாவை அழைத்தாள்.

அப்பாவிடம் சுற்றி வளைக்கவில்லை. கடிதத்தில் முன்பக்கம் என்று இருந்தது கடல் பக்கத்தை, அன்றைக்கு நான்தான் தப்பாகப் படித்துச் சொன்னேன் என்றாள். அந்தப் பக்கம் இப்போது கொட்டிக்கொண்டிருக்கும், எவ்வளவு என்று தெரிய வேண்டும் என்றாள். இருபத்திரண்டு வருடத்தில் ஐந்து வருடம் வீண் என்று ஒரு மனிதன் கேள்விப்பட்டால் என்ன சொல்வான்? திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருந்திருக்கும்.

“புனலையும் பாட்டிலையும் மானியிலருந்து கழட்டி எடுத்துட்டுப் போகட்டுமா? பதினஞ்சு நிமிஷம் பிடிச்சாப் போதுமா?” என்று கேட்டார்.

“போதும்பா. திட்டுக்குப் போக வேண்டாம். கணவாயத் தாண்டி மழைக்குள்ள நின்னா போதும். கயிறு எடுத்துக்கிட்டுப் போங்க. தனியாப் போகாதீங்க.”

“இந்தக் காத்துல எவன் வருவான். உங்கம்மாவ வேணா கூட்டிட்டுப் போறேன், போர்வை காயப்போட.” அவர் சொன்ன நகைச்சுவைக்கு அவரே சிரிக்கவில்லை. ஃபோனை வைத்துவிட்டார். இனி அவர் திரும்பும்வரை பேச முடியாது. கணவாயில் சிக்னல் கிடையாது.

மணி பத்து ஐந்து.

அதற்குப் பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை என்பதுதான் கொடுமை. வீட்டிலிருந்து கணவாய்க்கு நல்ல நாளில் அரை மணி நேரம். அப்பாவுக்கு வயது ஐம்பத்தெட்டு, இடது முட்டி சொன்ன பேச்சு கேட்காது. பாதை செம்மண், மழை நாளில் சோப்பு. அவள் இதெல்லாவற்றையும் மனதுக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு, அவரை அங்கே அனுப்பியது எதற்கு என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். நூறு தடவை இவர்கள் மூஞ்சியில் அறிவியலைச் சொல்லியாகிவிட்டது. ஒரு பட்டதாரியின் பேச்சுக்கு இல்லாத மதிப்பு ஒரு பாட்டில் தண்ணீருக்கு இருக்கிறது, அந்தத் தண்ணீரைப் பிடிக்க அவளுடைய அப்பாதான் புயலுக்குள் நடக்க வேண்டியிருக்கிறது. இவர்கள் வீட்டு அப்பா எவராவது நடப்பாரா?

பத்தரை. அம்மாவை அழைத்தாள். போய்விட்டார் என்றாள் அம்மா. கூட யார் என்று கேட்டதற்கு, “உன் பேச்சைக் கேட்டு இந்த மனுஷன் எப்பவாவது நின்னிருக்காரா” என்று ஃபோனை வைத்துவிட்டாள்.

பத்தே முக்கால். அணையிலிருந்து வழக்கமான அழைப்பு. ஏரி மட்டம் கால் அடி ஏறியிருக்கிறது, ஒன்றும் பயமில்லை என்று இன்ஜினியர் சொன்னதாக ரேடார் அண்ணன் எழுதினார். அவள் துறைமுகக் கொடியைப் பார்த்தாள். அது அப்படியே மலையைக் குறிவைத்து நின்றது.

பதினொன்று ஐந்து. பதினொன்று பத்து. கையெழுத்து இரண்டு தடவை அவள் பக்கமாக நடந்து வந்து, திரும்பிப் போனார். ரேடார் அண்ணன் ஒரு டீயைக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்தார். மலைக்காரி என்று கூப்பிடவில்லை.

பதினொன்று பதினெட்டுக்கு ஃபோன் அதிர்ந்தது.

“அளவு கிளாஸ் ஒரு தடவைக்கு இருபதுதான் கொள்ளும் பாப்பா,” அப்பாவுக்கு மூச்சு வாங்கியது, பற்கள் அடித்துக்கொள்வது கேட்டது. “ஒரு கிளாஸ் ரொம்பி ஊத்திட்டு, மறுபடி ஆறு. இருபத்தாறு. பதினஞ்சு நிமிஷம், வாட்ச்ல பாத்தேன். அது மழையில்ல பாப்பா. நின்னு பேச முடியல. பாதையே ஓடையா ஓடுது. திரும்பி வர்றப்ப பின்னாடி ஒரு துண்டு மண்ணு அப்படியே கீழ போச்சு.”

“நீங்க வீட்டுக்குள்ள போயிட்டீங்களா?”

“வாசல்ல நிக்கிறேன். உங்கம்மா உள்ள விட மாட்டேங்கிறா, சேறு.”

கால் மணிக்கு இருபத்தாறு. ஒரு மணிக்கு நூற்றுக்கு மேல். காற்று திரும்பியது ஆறு மணிக்கு. அவள் கையெழுத்தின் முன்னால் அந்த எண்ணை எழுதி வைத்தாள். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, நல்ல மனிதராகவே பேசினார். அவருக்கு அவள் மேல் பகையெல்லாம் இல்லை. இதை மலை ஸ்டேஷன் அளவு என்றே பதிந்துவிடலாம், மானி இடம் மாறிய கதையைக் கிளற வேண்டாம் என்றார். அப்பாவின் வேலையும் நிலைக்கும், அவளுக்கு நிரந்தர உத்தரவு வருகிற நேரம், அதுவும் கெடாது. புயல் போன பிறகு சத்தமில்லாமல் மானியை இந்தப் பக்கம் நட்டுவிடலாம். ஐந்து வருடத்தில் யார் கேட்டார்கள், இனிமேல் யார் கேட்கப்போகிறார்கள்?

ஒரு கணம் அவளுக்கும் அது பிடித்தது. அதைப் பொய் என்று சொல்லவும் முடியாது, எண் உண்மை. அப்பா சேற்றோடு வாசலில் நிற்கிற காட்சி கண்ணில் நின்றது. சரி சார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

பிறகு கூட்டிப் பார்த்தாள்.

“சார், நாலும் இருபத்தாறும் முப்பது.”

“அதனால?”

“ஐம்பதுக்கு மேல இருந்தாதான் மதகு. முப்பதைப் பாத்துட்டு அவர் அடுத்த அளவு வரட்டும்பாரு. அடுத்த அளவு எடுக்க அந்தப் பாதையில இனி ஆள் போக முடியாது. காலைலருந்து அந்தப் பக்கம் விழுந்த மழை முந்நூறோ நானூறோ, அது ஓடையில இறங்கி வந்துட்டே இருக்கு. நம்ம புஸ்தகத்துல மட்டும்தான் இல்ல. பழைய அளவெல்லாம் பொய்னு சொன்னாத்தான் அது கணக்குல வரும்.”

“அப்போ அஞ்சு வருஷமும் பொய்னு ஆகும்.”

“ஆமா சார். பொய்தானே.”

அவர் ரிசீவர் மேல் கையை வைத்தார். எடுக்கத்தானா, எடுக்கவிடாமல் இருக்கவா என்று அவருக்கே தெரிந்திருக்காது. அவள் கேட்கவும் நிற்கவில்லை. ரேடார் அண்ணன் மேசையிலிருந்த இன்னொரு ஃபோனை எடுத்து அணையின் எண்ணை அழுத்தினாள். அண்ணன் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்து வழிவிட்டார்.

இன்ஜினியர் குரல் கரடுமுரடாக வந்தது. அவள் மூச்சுவிடாமல் சொன்னாள். மானி ஐந்து வருடமாக மலைக்கு உள்பக்கம் இருக்கிறது. அதன் அளவுகள் உங்கள் ஏரிக்குச் சம்பந்தமில்லாதவை. இன்று காலைக் கணக்கு முழுவதையும் கிழித்துப் போடுங்கள். கடல் பக்கம் சற்றுமுன் எடுத்த அளவு கால் மணிக்கு இருபத்தாறு. காற்று ஆறு மணி முதல் இதே திசை.

அந்தப் பக்கம் அவர் பேரேட்டைப் புரட்டுகிற சத்தம் கேட்டது.

“அஞ்சு வருஷமா எனக்குக் கணக்கு உதைச்சுக்கிட்டே இருக்கும்மா,” என்றார் இன்ஜினியர். “மழை குறைச்சல்ங்கிறீங்க, ஏரிக்குத் தண்ணி மட்டும் வருது. ஊத்துத் தண்ணின்னு எழுதி எழுதி ஒப்பேத்திட்டு இருந்தேன்.” பிறகு குரல் மாறியது. “ஊருக்குள்ள தூறல்தான். இப்ப நான் திறந்தா செருப்பால அடிப்பாங்க. எழுத்துல குடுப்பியா?”

“அஞ்சு நிமிஷத்துல வரும்.”

“யார் தப்புன்னு போடுவே?”

“என் தப்பு. கடுதாசியத் தப்பாப் படிச்சது நான். பேரோட போடுறேன்.”

எழுதினாள். மூன்றே வரி. கையெழுத்திடம் கொண்டுபோய் நீட்டினாள். அவர் இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார். பின்னாலிருந்த சட்டம் போட்ட படத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்குத் துணிவு வேண்டும். இதற்கும் வேண்டியிருந்தது. கடைசியில், வாழ்க்கை முழுவதும் செய்த ஒரே வேலையைச் செய்தார். பேனா ஒரு இடத்தில் தாளைக் கிழித்தது.

பதினொன்றே முக்காலுக்கு முதல் மதகு ஓரடி தூக்கப்பட்டது. பன்னிரண்டுக்கு இரண்டாவது. ஆற்றோரம் ஒலிபெருக்கி கட்டிய வண்டி போனது. ஒரு மணி வரை ஏரி அரை அடி ஏறியதோடு சரி. ரேடார் அண்ணன் கடிகாரத்தைப் பார்ப்பதை அவள் பார்த்தாள். நான் தப்பாக இருந்தால், கோடைக்கு வைத்திருந்த தண்ணீர் என் பேச்சால் கடலுக்குப் போகிறது என்று அவளும் நினைத்தாள். ஒன்றரை மணிக்கு மலை ஓடைகள் வந்து சேர்ந்தன. பத்து நிமிடத்துக்கு ஒரு சாண் என்று ஏரி ஏறத் தொடங்கியது. இரண்டு மணிக்கு இன்ஜினியர் ஐந்தாவது மதகையும் தூக்கிவிட்டு, இவர்களை அழைத்து, மட்டத்தை மட்டும் சொல்லிவிட்டு வைத்தார். வேறு பேச்சுக்கு நேரமில்லை என்பது குரலிலேயே இருந்தது.

நடுவில் அப்பா ஒரு தடவை அழைத்தார். பெரிய ஆபீசிலிருந்து யாரோ பேசினார்களாம், இனி அளவு சொல்ல வேண்டாம் என்றார்களாம். அவர் கேட்டது அதைப் பற்றி இல்லை.

“என் பேரைப் போடாம உன் பேரைப் போட்டியாமே. நட்டது நான்தானே பாப்பா.”

“படிச்சுச் சொன்னது நான்தானேப்பா.”

“ரெண்டு பேர் பேரையும் போட்டிருக்கலாம்” என்றார். அது வருத்தமா, ரோஷமா, அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்காமலேயே வைத்துவிட்டார். அது ஒருபோதும் நடந்ததில்லை.

மூன்று மணிக்கு முகத்துவாரத் தெருவிலிருந்து ஃபோன்கள் வர ஆரம்பித்தன. தெருவுக்குள் தண்ணீர். வானத்தில் தூறல்கூட இல்லை. மழையே பெய்யாத ஊரில் வெள்ளம் வந்தால் யாரைத் திட்டுவார்கள்? கையெழுத்து அறைக்கதவைச் சாத்திக்கொண்டார். அண்ணன் இரண்டு அழைப்பை எடுத்துவிட்டு, காதைத் தேய்த்துக்கொண்டு ரிசீவரை அவளிடம் தள்ளினார்.

ஒரு பெண் குரல். தெருமுனையில் மளிகைக் கடை வைத்திருக்கிறாளாம். மூட்டை மூட்டையாகச் சரக்கு நனைந்துவிட்டதாம். அவள் திட்டியதில் பாதியை எழுத முடியாது.

“மழை இல்லாத நாள்ல தண்ணியத் திறந்துவிடச் சொன்னவ எவடி? பேரைச் சொல்லு.”

“நான்தாங்க.”

மறுமுனை இதை எதிர்பார்க்கவில்லை. அதிகாரியிடம் கேட்கிறேன், எழுதிக் கொடுங்கள், நாளை வாருங்கள், இப்படி ஏதாவது வரும் என்று காத்திருந்தவள்.

“தண்ணி இப்ப எது வரைக்கும் இருக்கு?” என்று இவள் கேட்டாள்.

“ம்? முட்டிக்குக் கீழ.”

“உங்க வீட்டுக்கு மாடி இருக்கா?”

“மேல ஒரு அறை இருக்கு. எதுக்கு?”

“மேல மலையில இன்னும் கொட்டுது. அஞ்சு மதகும் திறந்திருக்கு. ஆறு மணிக்குக் கடல் ஏறும். அப்ப உங்க கடையில இடுப்பு வரைக்கும் வரும், அதுக்கு மேல வராது. சரக்கை விடுங்க. ஆளுங்களை மேல ஏத்துங்க. பக்கத்துல மாடி இல்லாத வீடு எத்தனை?”

அந்தப் பெண்ணுக்குப் பின்னால் தண்ணீரில் யாரோ நடக்கிற சத்தம் கேட்டது.

“நாலு. அதுல ஒண்ணுல நடக்க முடியாத அம்மா ஒருத்தி இருக்கு.”

“அந்த அம்மாவை முதல்ல தூக்குங்க. அஞ்சு மணிக்குள்ள.”

“திட்டினதெல்லாம் வாபஸ்னு நெனச்சுக்காத” என்றாள் அந்தப் பெண். ஃபோனை வைக்காமலேயே யாரையோ பெயர் சொல்லிக் கத்திக் கூப்பிட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கிப் போனாள். நாற்காலியோடு தூக்குங்கடா என்பது தூரத்தில் கேட்டது.

அவள் ரிசீவரைக் காதிலேயே வைத்துக்கொண்டு, பதிவேட்டை இழுத்து, மூன்று பத்து, முகத்துவாரத் தெரு, முழங்காலுக்குக் கீழே என்று எழுதினாள். அடுத்த ஃபோன் அதற்குள் அடிக்க ஆரம்பித்திருந்தது.